மணக்கோலமும் கத்திரி வெயிலும்

தமிழ்த்துறை மலரில் முகப்பூச்சைப் பற்றி எழுதுவதா என்று ஐயுறும் அன்பர்கள் இருக்கக்கூடும். நமக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆயினும் இளங்கோவடிகள் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனைக்கு எத்தனை அடிகளை ஒதுக்கியிருக்கிறார் என்பதை எண்ணியபோது அது அகன்றது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தல் நீராட்டப்பெறுகிறது, நறும்புகையில் உலர்த்தப்பெறுகிறது, பாதங்களில் செம்பஞ்சுக் குழம்பு ஏறுகிறது, பிறகு கால்விரல் தொட்டு ஒவ்வோர் அணியாகப் பூட்டப்பெறுகிறது. இந்திர விழா தொடங்கியது சித்திரைத் திங்களில் என்பதையும், அவ்விழாவின் முடிவில் அவள் புறப்பட்டுச் சென்றது கடற்கரைக்கு என்பதையும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். கோடைக்காலம், உப்புக்காற்று, திருவிழாக் கூட்டம். அந்த ஒப்பனை எத்தனை நாழிகை தாங்கியது என்று மட்டும் அடிகள் கூறாமல் விட்டார். அதை அறியும் வாய்ப்பு நமக்கு வாய்த்தது. அதற்கு நாம் கொடுத்த விலை வேறு. நம்மால் இன்னொருவர் கொடுத்த விலை வேறு.

நாம் குடியிருப்பது டோல்கேட்டில். ஊரெல்லையில் வரி தண்டிய சுங்கச் சாவடி மறைந்து, அதன் ஆங்கிலப் பெயர் மட்டும் தெருவோடு தங்கிவிட்டது. அடுத்துள்ள காலடிப்பேட்டையும் அவ்வாறே. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டபோது, நம் ஊர் நிலையமும் டோல்கேட் என்ற பெயரையே சூடிக்கொண்டது. தெற்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், வடக்கே திருவொற்றியூரும் அதற்கப்பால் எண்ணூரும், கிழக்கே கூப்பிடு தொலைவில் கடல். துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதியும் புகையும் இவ்வூரின் நிலையான முகப்பூச்சு எனலாம்.

சென்னை வெயிலின் கொடுமையைச் சொல்வோர் 2003 மே 31-ஐ மறப்பதில்லை. அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பம் 45 பாகை செல்சியஸ். ஆனால் கடலோரத்தில் வாழும் நமக்குத் தெரிந்த துன்பம் வெப்பமானி காட்டாத வேறொன்று. முற்பகல் வரை நிலக்காற்று காய்ச்சி எடுக்கும். நண்பகல் அளவில் கடற்காற்று நுழைந்ததும் வெப்பம் சற்றே தணியும்; காற்றில் ஈரம் ஏறும். ஈரம் ஏறிய காற்றில் வியர்வை ஆவியாகாது. தோலின் மேலேயே நிற்கும். நுங்கம்பாக்கத்தில் வெயில் சுடும் என்றால் டோல்கேட்டில் வெயில் ஒட்டும்.

இந்த ஊரில், கத்திரி வெயில் நடுவே, 2012 மே மாதத்தில் நம் மூத்த மகளுக்குத் திருமணம் வைத்தோம். கல்லூரி விடுமுறை அப்போதுதான். உறவினர் அனைவரும் வரக்கூடியதும் அப்போதுதான்.

நம் தெருவின் கோடியில் ஒரு சகோதரி மணப்பெண் அலங்காரம் செய்து வந்தார். கணவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டதும், இராயபுரத்தில் ஓர் அழகு நிலையத்தில் ஈராண்டுகள் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, கதவில் கையால் எழுதிய ஒரு பலகை. தெரு முழுவதற்கும் அவர் ‘பார்லர் அக்கா’. ஒப்பனைக் கூலி 3,000 ரூபாய் என்று பேசி 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம்.

ஒரு வாரம் முன்னதாகவே வந்தார். மகளின் தாடை ஓரத்தில் மூன்று வகைப் பவுண்டேஷனைக் கோடு கோடாக இழுத்துவிட்டு, வாசல் வெளிச்சத்திற்கு அழைத்துப்போய்ப் பார்த்தார். மூன்றாவது கோடு தோலோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. “இதான் பாப்பா கலரு” என்றார். நம் இல்லத்தரசியார் முகம் சுருங்கியது. மகள் மாநிறத்திற்கும் சற்றுக் கீழே. சம்பந்தி வீட்டார் பழவேற்காட்டிலிருந்து நாற்பது பெண்களோடு வரவிருக்கிறார்கள். “முதல் கோட்டையே போடும்மா, கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்” என்றார். முதல் கோடு இரண்டு படி வெளுப்பு. அந்தச் சகோதரி நம்மைப் பார்த்தார். நாம் செய்தித்தாளை மடித்துக்கொண்டே தலையசைத்தோம். அவர் மேலும் மூன்று கேள்விகள் கேட்டார்: மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டா, நிக்காஹ் எத்தனை மணிக்கு, தொழுகை எத்தனை மணிக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் செலவு தனி என்று மண்டபத்தார் சொல்லியிருந்ததால் அதை வேண்டாமென்று விட்டிருந்தோம். மற்ற இரண்டு கேள்விகளையும் பெண்களின் வீண் பேச்சு என்று கருதி, “எல்லாம் சரியாக நடக்கும்” என்று சொல்லி அனுப்பினோம்.

நிக்காஹ் நேரம் 11.30. வீடியோ எடுக்கும் பெண் முன்கூட்டியே படம்பிடிக்க வேண்டும் என்றதால் காலை 8.30-க்கெல்லாம் ஒப்பனையை முடிக்கச் சொன்னோம். கண்ணாடியில் தன்னைப் பார்த்த மகள், “அத்தா, இது நான் இல்ல போலருக்கே” என்றாள். சிரித்து நகர்ந்தோம். 9 மணி முதல் ஆயிரம் வாட் விளக்கொன்று அவள் முகத்துக்கு நேரே எரிந்தது. 10 மணிக்கு மின்சாரம் நின்றது. அவ்வாண்டு சென்னையிலும் நாள்தோறும் மின்வெட்டு இருந்ததைப் பலரும் நினைவுகூரலாம். மாப்பிள்ளை வீட்டு வாகனங்கள் எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டன. அவர்கள் மண்டபத்துள் நுழைந்தபோது மணி 1.15.

அதற்குள் நடந்தவற்றைப் பெண்கள் பகுதியிலிருந்து வந்த செய்திகளால் அறிந்தோம். முதலில் மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை அரும்பியிருக்கிறது. உறவுப் பெண்கள் ஆளுக்கொரு கைக்குட்டையால் துடைத்திருக்கிறார்கள். துடைத்த இடமெல்லாம் பூச்சு நீங்கி உள்நிறம் தெரிய, அதை மறைக்க ஈரத்தின் மேலேயே பவுடரை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பவுடர் மாவாகிப் பிளந்திருக்கிறது. பார்லர் அக்கா, “யாரும் துடைக்காதீங்க, தொடாதீங்க” என்று மன்றாடியது எவர் செவியிலும் ஏறவில்லை. கண் மை கீழிறங்கிற்று. மகள் அழத் தொடங்கினாள். அழுகை மீதியையும் கொண்டுபோயிற்று. பழவேற்காட்டுப் பெரியம்மா ஒருவர் முக்காட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு அடிச்ச செவுரு மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு” என்றாராம். நகைச்சுவையாகத்தான் சொன்னார். சிரிப்பும் எழுந்தது. அந்தச் சிரிப்பு நம் மகளின் நெஞ்சில் நெடுநாள் இருந்தது.

மாலை 4 மணி. விருந்தினர் போய்விட்டார்கள். மண்டபப் படியில் ஒப்பனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சகோதரி காத்திருந்தார். மீதி 2,000 தரவேண்டும். நாம் 1,200-ஐ எடுத்து நீட்டி, “வேலை சரியில்லையம்மா, இவ்வளவுதான்” என்றோம். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை மீலாது மேடைகளில் விளக்கிப் பேசிக் கைத்தட்டல் பெற்றவர் நாம். அன்று அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால், நேரம் தவறாமல் குறைத்துக் கொடுத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம் போலும்.

பிறகு தெருவில் பேச்சுப் பரவிற்று. ‘அந்த அம்மா போட்டால் வழிந்துவிடும்’ என்று. அந்தப் பேச்சை நாம் தொடங்கவில்லை. ஆனால் நம் வீட்டில் யாராவது கேட்டபோது மறுக்கவும் இல்லை. சில மாதங்களில் கதவிலிருந்த பலகை காணாமற்போயிற்று. அவர் திருவொற்றியூர்ப் பக்கம் குடிபெயர்ந்தார் என்று கேள்விப்பட்டோம்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2018 மார்ச்சில் நம் துறை மாணவர்கள் முத்தமிழ் விழாவில் ஒரு வரலாற்று நாடகத்தைத் திறந்தவெளி அரங்கில் நடத்தினர். ஒப்பனைக்கு வந்த முதியவர் தெருக்கூத்திலும் பின்னர் நாடகக் குழுக்களிலும் முகம் எழுதியவர். பிற்பகல் 4 மணி நாடகத்துக்கு 12 மணிக்கே மாணவர்களை உட்கார வைக்கலாமே என்றோம். அவர் மறுத்துவிட்டார். “முகம் போட்டு ஒரு மணி நேரத்துல மேடை ஏறணும் சார். உக்கார வெச்சா நாறிடும்.” அப்பொழுதுதான், ஏன் என்று தெரியவில்லை, மகளின் திருமணக் கதையை அவரிடம் சொன்னோம். ஒப்பனைக்காரரைக் குறை கூறுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றே: “எத்தனை மணிக்குப் போட்டு, எத்தனை மணிக்குத் தாலி கட்டினாங்க?” நமக்கு நிக்காஹ் என்று திருத்தவும் தோன்றவில்லை. விடையைச் சொன்னோம். விளக்கு எரிந்ததையும் மின்சாரம் போனதையும் கேட்டார். பிறகு எதுவும் பேசாமல் ஒரு மாணவனின் புருவத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்த மௌனம் நமக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று அவரிடமும் பின்னர் நூல்களிலும் அறிந்தவற்றை இங்கே சொல்லவேண்டும். முகத்தில் இரண்டு ஊற்றுகள் உள்ளன. ஒன்று வியர்வை, அது உப்பு கலந்த நீர். மற்றது தோலின் எண்ணெய்; மூக்கிலும் நெற்றியிலும் மிகுதி. நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சை வியர்வை குலைக்கும். எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பூச்சைத் தோலின் எண்ணெயே இளக்கி நகர்த்தும். ஆகவே எதைப் பூசினாலும் பகை உள்ளிருந்தே வரும். பூச்சு தடிப்பாக இருக்க இருக்க, அது தோலைப் பற்றுவதை விட்டுத் தன்னைத்தானே பற்றிக்கொள்ளும். வியர்வை அடியில் புகுந்ததும் ஏடாகக் கழன்றுவரும். நிறைய அப்பினால் நெடுநேரம் நிற்கும் என்று நாம் எண்ணியது தலைகீழான எண்ணம்.

பழைய கூத்துக் கலைஞர்கள் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினர். நீரை எண்ணெய் தள்ளும், ஆட்டமோ இரவில், தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு நுணுக்கம் தேவையில்லை. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம் என்பதையும், அது நஞ்சு என்பதையும் ‘அரிதாரம் பூசுதல்’ என்னும் வழக்கை எளிதாக ஆளும் நாம் நினைப்பதில்லை. கேரளத்துக் கதகளியில் அரிசி மாவுப் பசையும் தாளும் கொண்டு தாடையோரம் சுட்டி கட்டுவர். அந்த ஒப்பனை முடியவே பல மணி நேரம் ஆகும்; நடிகர் மல்லாந்து படுத்து உறங்கிவிடுவதும் உண்டு. திரைப்படம் வந்ததும் விளக்கின் சூடு புதிய பகையாயிற்று. மாக்ஸ் ஃபேக்டர் என்பவர் 1914-இல் திரைக்கென்றே மெல்லிய களிம்பை ஆக்கினார். 1930-களின் இறுதியில் வண்ணப்படங்களுக்காக, ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசும் பான்கேக்கைக் கொண்டுவந்தார். அச்சொல் நம் ஊர் ஒப்பனை அறைகளிலும் நுழைந்து இன்றும் வழங்குகிறது. அவர் தேடியதும் தடிப்பை அன்று, மென்மையைத்தான்.

வெண்மைக்கு நாம் கொடுத்த விலை நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் 1887-இல் பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் ஆடிய நக்கமுரா ஃபுகுசுகே என்னும் நடிகருக்கு மேடையிலேயே நடுக்கம் கண்டது. ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சை நெடுநாள் பூசிய நச்சு அது என்று பின்னர் தெரிந்தது. நம் நாட்டில் 1975 முதல் ஃபேர் அண்டு லவ்லி என்னும் பெயரில் விற்ற களிம்பு, 2020-இல் அப்பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று. பெண் பார்க்கும் கூடங்களில் கேள்வி மாறிற்றா என்பதை, பெண்ணைப் பெற்ற அன்பர்கள் அறிவர். வெளுத்த பூச்சில் இன்னொரு கேடும் உண்டு. மகளின் திருமணப் படங்களில் முகம் மட்டும் வெள்ளையாகவும் கழுத்தும் கைகளும் வேறொருவருடையன போலவும் இருப்பதைக் கண்டு ஒளிப்படக்காரரைக் கடிந்துகொண்டோம். பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெள்ளைத்தூள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி எறியும் என்பது பின்னரே தெரிந்தது. அவரும் குற்றமற்றவரே.

அன்றைய நாளில் அழியாமல் நின்றது ஒன்றே ஒன்று. அது நம் தாயார் இட்ட மருதாணி. பேரப்பிள்ளைகளுக்கு அவர் நன்னி. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பே அரைத்து, இரவு முழுதும் வைத்திருந்து, காலையில் நீர்படாமல் உதிர்த்துவிடச் சொன்னார். மருதாணிச் சாயம் தோலின் மேல் நிற்பதில்லை. மேல்தோலின் புரதத்தோடே பிணைந்துவிடுகிறது. முதல்நாள் செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். ஆகவேதான் இரண்டு நாள் முன்பு. வியர்வையும் நீரும் அதை ஒன்றும் செய்வதில்லை. தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போதுதான் அது போகும். நகப்பூச்சு இட்டால் உளூச் செய்யும் நீர் நகத்தில் படாது என்பதால் நகத்துக்கும் மருதாணியே என்பார். இக்காலத்தில் உடனே கறுப்பாகும் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பவற்றில் முடிச்சாயத்தில் பயன்படும் வேதிப்பொருளைக் கலப்பதுண்டு. கொப்புளம் வந்து தழும்பாகலாம். கடைக் கூம்பை வாங்கும் மாணவியர் இதைக் கருத்தில் கொள்க. சில சுர்மாக்களிலும் ஈயம் இருக்கிறது. நன்னி இட்டது வீட்டு விளக்கில் பிடித்த மை.

2022 மே மாதத்தில் இளைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பெரிய அழகு நிலையங்கள் பல வந்துவிட்ட காலம். ஆனால் இளையவள், “பார்லர் அக்காவே வரட்டும் அத்தா” என்றாள். அக்காளின் கண்ணீரைப் பக்கத்தில் இருந்து கண்டவள். யார் துடைத்தார்கள், யார் துடைக்க வேண்டாம் என்றார்கள் என்பதையும் கண்டவள். விசாரித்து, திருவொற்றியூர்த் தேரடிக்கு அப்பால் ஒரு சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். நாமும் இல்லத்தரசியாரும் சென்றோம். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்துச் சென்ற சொற்றொடர்கள் எல்லாம் மறந்துபோயின. 800 ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்து, “அன்று தவறு எங்களுடையது” என்றோம்.

அவர் பணத்தை எடுத்தார். இம்முறை எண்ணினார்.

“எங்க பேச்சால உங்களுக்கு ரெண்டு கல்யாணம் தவறிப்போச்சுன்னு கேள்விப்பட்டேம்மா” என்றார் இல்லத்தரசியார்.

“ரெண்டு இல்லம்மா, நாலு” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது. நான்கு திருமணங்களின் கூலியைத் திருப்பித்தர நம்மிடம் சொல்லும் இல்லை, துணிவும் இல்லை. தேநீர் வந்தது. குடித்தோம். பிறகு அவரே, “பாப்பாவுக்கு எப்போ?” என்று கேட்டார்.

கூலி 9,000 ரூபாய், பாதி முன்பணம். நிறத்தைத் தேர்வது அவர் பொறுப்பு. வீட்டார் அதில் வாய் திறக்கக் கூடாது. நிக்காஹுக்கு ஒரு மணி நேரம் முன்புதான் முகம் முடியும். குளிர்சாதனம் உள்ள அறை வேண்டும். இல்லையேல் இரண்டு மின்விசிறியும் ஜெனரேட்டரும். அனைத்துக்கும் ஒப்புக்கொண்டோம்.

பத்து நாள் முன்பு ஒத்திகை நடந்தது. அதை நாம் நேரில் கண்டோம். நண்பகல் 12 மணிக்கு முகத்தைப் போட்டு முடித்து, “பாப்பா, கொடை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வா” என்றார். மகள் நாணத்தோடு டோல்கேட் பேருந்து நிலையம் வரை நடந்து திரும்பினாள். அக்கா அவளை வாசலில் நிறுத்தி, எங்கே முதலில் மினுமினுக்கிறது, எங்கே பிளக்கிறது என்று பார்த்துச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூக்கின் இருபுறம், மேலுதடு, நெற்றியின் நடு. புதிய களிம்பு எதையும் திருமண நாளில் முதன்முதலாகத் தொடக்கூடாது என்பதால், அன்றே காதுக்குப் பின்னால் தடவி அரிப்பு வருகிறதா என்றும் பார்த்தார். ஆராய்ச்சி மாணவர் பலரிடம் நாம் காணாத முறைமை அது.

திருமண நாளில் தலை வாரிப் பின்னிப் பூச்சூட்டி, புடைவையும் உடுத்தி, கழுத்தில் துண்டைப் போர்த்திய பிறகே முகத்துக்கு வந்தார். சிகை வேலையின் சூடும் புடைவை கட்டும் அலைச்சலும் முகத்தை வியர்க்க வைக்கும். அதனால் முகம் கடைசி. “உளூச் செஞ்சிட்டு வந்துடு பாப்பா, லுஹர் வரைக்கும் அத காப்பாத்திக்கோ” என்று அவரே சொல்லி அனுப்பினார். பூச்சுக்கு மேல் நீர் ஊற்ற இயலாது. பூச்சுக்கு முன்பே உளூச் செய்து, அது முறியாமல் காத்தால் தொழுகைக்கும் தடையில்லை, ஒப்பனைக்கும் கேடில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு நாம் வீண் பேச்சென்று ஒதுக்கிய மூன்றாம் கேள்வியின் பொருள் அன்று விளங்கிற்று.

முகத்தைத் துடைத்தபின், துணியில் பொதிந்த பனிக்கட்டியை நெற்றியிலும் கன்னத்திலும் சற்று நேரம் ஒற்றினார். தோல் குளிர்ந்தால் வியர்வை கொஞ்சம் அடங்கும். எண்ணெய்ப் பசையில்லாத ஈரக்களிம்பைத் தொட்டுத் தடவி, அது உள்ளிறங்கும் வரை பத்து நிமிடம் சும்மா இருந்தார். அவசரப்பட்ட நம் உறவுப்பெண் ஒருவரை அந்தப் பத்து நிமிடம் முழுவதும் அறைக்கு வெளியே நிறுத்தினார். பின்னர் சிலிக்கோன் கலந்த பிரைமர். குறிப்பேட்டில் எழுதிய மூன்று இடங்களில் மட்டும். பவுண்டேஷனை ஈரப் பஞ்சால் இழுக்காமல் ஒற்றி ஒற்றி மெல்லிய ஒரு படலம். அதை உலரவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் மறுபடலம். பவுடரையும் தூவாமல் அழுத்தினார். உதட்டுச் சாயத்தைப் பூசி, மெல்லிய தாளால் ஒற்றியெடுத்து, அதன்மேல் பவுடர் தொட்டு, மீண்டும் பூசினார். கண் மை நீரில் கரையாத வகை. கடைசியில் ஒரு தெளிப்பு; அது உலர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வாகிப் பூச்சைப் பிடித்துக்கொள்ளுமாம். முக்காடு கன்னத்தில் உரசினால் எல்லாம் துணியோடு போய்விடும் என்று, காதுக்குப் பின்னால் மடித்து ஊசி குத்தினார்.

அவ்வளவும் செய்தும் வியர்வை வராமல் இல்லை. டோல்கேட்டில் மே மாதத்தில் அது வராதிருக்க வழியில்லை. அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். வியர்வை அரும்பும்போதெல்லாம் தாளை இரண்டாக மடித்து, துடைக்காமல், மேலே வைத்து எடுத்தார். ஈரம் முழுதும் நீங்கிய பின்னரே பவுடர். வீடியோ விளக்கைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைக்கச் சொன்னார். இப்போது விளக்குகளும் எல்.இ.டி. ஆகிவிட்டதால் சூடு குறைவு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் பாதிப்பேர் மெட்ரோவில் வந்து இறங்கினார்கள். தாமதம் இருபது நிமிடமே. அவர்கள் வந்து பார்த்தபோது இளையவள் இளையவளாகவே இருந்தாள். நிறம் அவள் நிறம். யாரோ ஒருத்தி, “மேக்கப்பே போடலியா?” என்று கேட்டதாகவும், அதைக் கேட்டு இல்லத்தரசியார் சற்று வருந்தியதாகவும் அறிந்தோம். மாறுதல் அவ்வளவு விரைவாக வருவதில்லை. மூத்தவள் மட்டும் தங்கையின் தாடை ஓரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்காவிடம் சென்று ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று நாம் கேட்கவில்லை.

மாலை 3 மணிக்கு, அவர் உண்டு முடித்துக் கைகழுவி வந்ததும், உறையை நீட்டினோம். எண்ணிப் பெட்டியில் வைத்தார். பேரனுக்கென்று பிரியாணிப் பொட்டலம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமும் நடந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் வழக்கம்போல் நின்றிருந்தன. படிக்கட்டருகே பெட்டியை வாங்கிக்கொண்டவர், இரண்டு படி ஏறி, நினைவு வந்தவராய்த் திரும்பினார்.

“சார், ராத்திரி பாப்பாவ அப்படியே தூங்க விட்டுடாதீங்க. தேங்காயெண்ணெய் பஞ்சுல நனைச்சு மொதல்ல கண்ணு, அப்புறம் மொகம். எண்ணெயில எல்லாம் இளகினதும் சோப்பு போட்டுக் கழுவிடச் சொல்லுங்க. தேய்க்க வேணாம்.”

மறவாமல் சொல்கிறோம் என்றோம்.